அப்பச்சிக்குக் கதிரியக்க விதை வைத்தால் பேரன் மடியில் உட்காரலாமா?

கண்டனூர் மீனா:
அப்பச்சிக்கு (என் அப்பாவுக்கு) 68 வயது. புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய், ஆரம்ப நிலை. கிளீசன் (திசுவைப் பார்த்துப் புற்றின் தீவிரத்துக்குத் தரும் மதிப்பெண்) 6, பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 8. அயோடின்-125 விதைகளை உள்ளே வைத்துவிடலாம், திரும்ப எடுக்க வேண்டியதில்லை என்கிறார் சென்னை டாக்டர். தங்கை பிரசவத்துக்கு வருகிறாள். என் மூன்று வயது மகன் ஐயா (தாத்தா) மடியை விட்டு இறங்கவே மாட்டான். அப்பச்சிக்கு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் தனிப் படுக்கை, தனித் தட்டு என்று சொந்தக்காரர்கள் பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பிள்ளையார் நோன்புக்கு வீடே கூடும். என்ன செய்வது?

தேவகோட்டை இயற்பியலாளர்:
தங்கச்சி, கதிர்வீச்சுப் பிரிவில்தான் என் வேலை. தனித் தட்டுப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். ஒவ்வொரு விதையும் அரிசியைவிடச் சிறிய டைட்டானியம் குழல்: 4.5 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. தடிமன். அயோடின் அதற்குள் அடைபட்டிருக்கும். எச்சில், வேர்வை, துணி, கழிவறை எதிலும் பரவாது. கதிரும் வலுக்குறைந்தது, பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே வரும் கொஞ்சத்துக்காக, முதல் இரண்டு மாதம் பேரனை மடியில் வைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கட்டும். தங்கை ஒரே வீட்டில் தாராளமாக இருக்கலாம், நெடுநேரம் ஒட்டி உட்காராமல் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் போதும். நோன்பன்று அப்பச்சியே எல்லாருக்கும் இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி) எடுத்துக் கொடுக்கட்டும், அந்தச் சில நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. சுமார் 60 நாளுக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். பத்து மாதத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

எனக்குக் கவலை வேறு. சிறுநீர் இப்போதே முக்கி முக்கித்தான் போகிறதா? சுரப்பி எத்தனை சி.சி.? விதை வைக்க ஊசி குத்தியதும் அது வீங்கும், ஏற்கெனவே அடைப்பு இருந்தால் அவதிப்படுவார். இன்னொன்று, கிளீசன் 6 என்றால் உடனே எதுவும் செய்யாமல் பி.எஸ்.ஏ., பயாப்ஸி (திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்று கண்காணித்துக்கொண்டே போவதும் ஒரு வழி. அதைக் கேட்காமல் தேதி வாங்காதீர்கள்.

புதுவயல் சொக்கு:
ஆச்சி, என் அப்பச்சிக்கு வைத்தார்கள். முதல் சில நாள் சிறுநீரைச் சல்லடையில் வடிகட்டச் சொன்னார்கள். அரிதாக ஒரு விதை வெளியே வந்துவிடுமாம். வந்தால் கையால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுத்து அவர்கள் தரும் ஈயக் குப்பியில் போட வேண்டும். அப்புறம், விவர அட்டை ஒன்று கொடுப்பார்கள், சட்டைப்பையிலேயே இருக்கட்டும். சிங்கப்பூர் போனபோது விமான நிலையக் கருவி கத்தியது. அட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

கண்டனூர் மீனா:
அண்ணே, ஸ்கேனில் 38 சி.சி. என்று இருக்கிறது. ராத்திரி இரண்டு முறை எழுந்திருப்பார், மற்றபடி தடை இல்லை. கண்காணிப்பைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை, திங்கட்கிழமை கேட்கிறேன். நீங்கள் எழுதியதை அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். இழை விஷயத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்.