மறு: ட்ராக்பாலுக்கு என்ன சொல்லலாம்? (சுழற்பந்து, தடப்பந்து, குண்டு)

வணக்கம். ட்ராக்பாலுக்கு, அதாவது பந்தைக் கையால் உருட்டித் திரையில் அம்புக்குறியை நகர்த்தும் கருவிக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்குச் சுழற்பந்து, தடப்பந்து, குண்டு என்று மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

போன வாரம்தான் கடலூர் வீட்டில் நானே செய்த ஆர்க்கேட் (வீடியோ கேம்) பெட்டியின் பலகையில் ஒரு ட்ராக்பாலைப் பொருத்தி முடித்தேன். அட்டாரியின் 1981 சென்டிபீட் விளையாட்டை ஜாய்ஸ்டிக்கில் ஆடி மனசு ஆறவில்லை, அதனால்தான். பிரித்துப் பார்த்த சூட்டோடு எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சுழற்பந்து என்றால் எல்லோருக்கும் புரியும்

புரியும், ஆனால் கிரிக்கெட் என்றுதான் புரியும். எனக்கு அதைவிடப் பெரிய தடை வேறு. பந்தை எடுத்துவிட்டால் உள்ளே இரண்டு எஃகு உருளைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடக்கின்றன, மூன்றாவது பக்கம் பந்தைத் தாங்க ஒரு சின்ன பேரிங். ஒவ்வோர் உருளையின் முனையிலும் ஓரமெல்லாம் காடி வெட்டிய ஒரு சக்கரம், அதன் ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் சென்சார். முன்னே பின்னே தள்ளினால் ஓர் உருளை ஓடும், பக்கவாட்டில் தள்ளினால் மற்றது, மூலைவாட்டில் இரண்டும். இப்போது விரல்களைப் பந்தின் தலையில் வைத்து, பம்பரம் மாதிரி இருந்த இடத்திலேயே திருகுங்கள். உருளைகள் அசையாது, பந்து அவற்றை உரசிக்கொண்டு சுற்றும், திரையில் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தக் கருவி கணக்கில் எடுக்காத அசைவே சுழற்சிதான், அந்தப் பெயரையே அதற்கு வைக்கலாமா?

> தடப்பந்து

ட்ராக் என்பதைத் தடம் என்று மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். இந்தப் பந்து எந்தத் தடத்திலும் ஓடவில்லை, எங்கும் தடம் பதிக்கவும் இல்லை. 1946-இல் பிரிட்டிஷ் கடற்படையின் ராடார் வேலைக்காக ரால்ஃப் பெஞ்சமின் இதைக் கண்டுபிடித்தபோது அதற்குப் பெயர் ரோலர் பால். ட்ராக் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட சொல், அதைப் பிடித்துக்கொண்டு நாம் தொங்க வேண்டியதில்லை.

> குண்டு

இதைச் சொன்ன புதுச்சேரி நண்பர் பெத்தாங்க் விளையாட்டின் இரும்புக் குண்டைப் பார்த்து வளர்ந்தவர், அவருக்கு இது இயல்பாக வரும். திருப்பாப்புலியூரில் எனக்குப் பலகை அறுத்துக் கொடுத்த ஆசாரியும் “குண்டு எவ்ளோ வெளிய தெரியணும்?” என்றுதான் கேட்டார். (அவர் கேட்டது சரியான கேள்வி. பந்தின் விட்டம் 2¼ அங்குலம், அதில் பாதிக்கும் குறைவாகத்தான் மேலே தெரியும். 18 மி.மீ. பிளைவுட்டை அப்படியே விட்டால் பந்து குழிக்குள் போய்விடும். அதனால் அடிப்பக்கத்தை ரவுட்டர் என்ற மரம் குடையும் கருவியால் குடைந்து மெலிதாக்கினார்.) பேச்சுக்குக் குண்டு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கையேட்டில் “குண்டை இணைக்கவும்” என்று எழுத என்னால் முடியாது.

என் முன்மொழிவு உருள்பந்து. இது எனக்கு அகராதியில் கிடைக்கவில்லை, ஒரு பழுதில் கிடைத்தது. வாங்கிய ட்ராக்பாலை ஆறு மாதம் தேவனாம்பட்டினத்தில் ஜன்னலோரம் போட்டு வைத்திருந்தேன். பொருத்திப் பார்த்தால் இடம் வலம் போகிறது, மேலே கீழே போகவே இல்லை. ஐந்து வோல்ட், கிரவுண்டு, இரண்டு அச்சுக்கும் இரண்டிரண்டு என்று ஆறு வயரையும் ஓர் இரவு முழுக்கச் சோதித்துவிட்டு, கடைசியில் பந்தைத் தூக்கிப் பார்த்தால் கடல் காற்றில் பேரிங் துருவேறி ஓர் உருளை இறுகிக் கிடக்கிறது. பந்து அதன்மேல் வழுக்கியிருக்கிறது, உருளவில்லை. பேரிங் மாற்றியதும் உருண்டது. (அப்புறம் மேலே தள்ளினால் கீழே போனது. ஓர் அச்சின் இரண்டு வயரில் எதில் சென்சாரின் துடிப்பு முந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் திசை தெரிகிறது, அதனால் அந்த அச்சின் இரண்டு வயரையும் இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது.)

உருள்பந்து வினைத்தொகை, நடுவில் ப் வேண்டாம். குறளில் வரும் உருள்பெருந்தேர் இதே அமைப்புதான். உள்ளே இருப்பவை உருளை, மேலே இருப்பது உருள்பந்து என்று ஒரே வேரில் குடும்பமாகவும் அமைகிறது. உருட்டுப்பந்து என்று சொல்லலாமே என்று யாராவது கேட்பீர்கள். உருட்டுக்கட்டையில் உள்ள உருட்டு திரட்சியைத்தான் குறிக்கிறது, அந்தக் காதோடு கேட்டால் உருண்டையான பந்து என்றுதான் படும், பந்து என்றாலே உருண்டைதானே. ஸ்க்ரோலுக்கும் உருட்டு என்று எழுதுகிறோமே, உருள்பந்து அதோடு குழம்பாதா என்றால், பந்து சேர்ந்துவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். கூடவே அந்தக் காடி வெட்டிய சக்கரத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். காடிச்சக்கரம் என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் தச்சு வேலையில் காடி என்றால் பள்ளம், இதில் இருப்பது மறுபக்கம் தெரிகிற வெட்டு. லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் இதை என்ன சொல்கிறீர்கள்?