ஞாயிறு லைப்ரரி: மலேசிய ரப்பர் தோட்டங்களின் பழைய படங்கள்

டீச்சர் அக்கா, 8:04
வணக்கம். ஞாயிறு காலை 9 மணிக்கு லைப்ரரி மேல்மாடியில பழைய தோட்டப் படங்களை ஸ்கேன் பண்றோம். படம் அன்னைக்கே கையில திரும்பிடும். ஒரு குடும்பத்துக்கு 5 படம்.

மாமா, 8:07
அஞ்சுதானா? ஆல்பத்தையே தூக்கிட்டு வரலாம்னு பாத்தேன்.

லைப்ரரி தம்பி, 8:10
கணக்கு இடிக்குது மாமா. ஸ்கேன் ஒரு நிமிஷம்தான். விவரம் கேட்டு எழுத மூணு நிமிஷம் ஆகும். படத்துக்கு 4 நிமிஷம்னா, மூணு மணி நேரத்துல ஒரு மேசையில 45 படம். ரெண்டு மேசைக்கு 90. மொத்தம் 18 குடும்பம். அதுக்கு மேல வந்தா அடுத்த மாசம்.

ஸ்டூடியோ அண்ணன், 8:13
மேசைக்கு நிக்கிற பிள்ளைங்க கவனிங்க. 600 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி. ஐசி (அடையாள அட்டை) படம் மாதிரி குட்டிப் படம்னா 1200. கருப்பு வெள்ளையா இருந்தாலும் கலர்லதான் ஸ்கேன் பண்ணணும், பழுப்பும் கறையும் அப்படியே பதியணும். தரம் குறையாத டிஃப் ஃபைலா ஒன்னு சேமிங்க, வீட்டுக்குக் குடுக்க சின்ன ஜேபெக் ஃபைல் ஒன்னு. ஆறுக்கு நாலு இன்ச் படம் டிஃப்ல ஏறக்குறைய 26 எம்பி வரும். 90 படத்துக்கு ரெண்டரை ஜிபிக்குக் கொஞ்சம் குறையும், ஒரு பென்டிரைவ் தாராளம். ஆனா பென்டிரைவ் மட்டும் போதாது. லைப்ரரி கம்ப்யூட்டர்ல ஒன்னு, தனி ஹார்ட்டிஸ்க்ல ஒன்னு, டீச்சர் வீட்டுல ஒன்னு இருக்கட்டும்.

சின்னம்மா, 8:15
கண்ணாடி ஃப்ரேம்ல ஒட்டிக்கிட்ட படத்த என்னா பண்றது? உரிச்சுப் பாக்கலாமா?

ஸ்டூடியோ அண்ணன், 8:16
ஐயோ வேணாம்! உரிச்சா படத்தோட மேல்பூச்சு கண்ணாடியோட போயிரும். ஃப்ரேமோட கொண்டாங்க, கண்ணாடி மேலயே ஸ்கேன் பண்ணிக்கலாம். ஈரத்துணியாலயும் தொடைக்காதீங்க, பூச்சு ஊறிடும். காஞ்ச மெல்லிய தூரிகை போதும். பசைத்தாள் ஆல்பத்துல பிடிச்சிருந்தா, மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலைப் படத்துக்கு அடியில விட்டு மெதுவா அறுத்துக்கிட்டே போங்க. அசைய மாட்டேங்குதுன்னா விட்டுருங்க, பக்கத்தோடயே கொண்டாங்க.

டீச்சர் அக்கா, 8:19
படத்துப் பின்னால பேனாவால எழுதாதீங்க. மை முன்பக்கம் தெரியும். 2பி பென்சில்தான், அதுவும் ஓரத்துல, அழுத்தாம.

மாமா, 8:20
எங்க படத்துல எல்லாம் எழுதித்தான் இருக்கு. "சின்னத்தை, பெரிய மாமா"ன்னு.

டீச்சர் அக்கா, 8:23
யாருக்குச் சின்னத்தை? வீட்டுக்கு அது போதும், லைப்ரரிக்குப் பேர் வேணும் மாமா. நின்னவங்க, உக்காந்தவங்கன்னு பிரிச்சு, இடமிருந்து வலமா எழுதுங்க. தெரியாத ஆள் இருந்தா அந்த இடத்துல ஒரு கோடு போடுங்க. ஊகிச்சு ஒரு பேரை எழுதிட்டா அப்புறம் அது யாராலயும் திருத்த முடியாத உண்மையாயிடும். வீட்டுல இருக்கிற பெரியவங்கள இந்த வாரமே உக்கார வச்சுக் கேளுங்க.

அந்தோணி அண்ணன், 8:26
தோட்டத்துப் பேரு?

டீச்சர் அக்கா, 8:29
இதுலதான் நம்ம ஆளுங்க வழுக்குவாங்க. ஒரே தோட்டத்துக்குக் கம்பெனி வச்ச இங்கிலீஷ் பேரு ஒன்னு, மலாய்ப் பேரு ஒன்னு, நம்மாளுங்க கூப்பிட்ட பேரு ஒன்னு. அஞ்சாங்கட்டைன்னா, அதாவது அஞ்சாவது மைல்கல்லுன்னா, எந்த ரோட்டு அஞ்சாங்கட்டை? மூணு பேரையும் எழுதுங்க, தோட்டத்துல எந்தப் பிரிவு (டிவிசன்)னும் சேர்த்து. பல இடம் செம்பனைத் தோட்டமாவோ தாமானாவோ (வீடமைப்புப் பகுதி) மாறிருச்சு, இன்னைக்கு மேப்புல தேடினா கிடைக்காது.

லைப்ரரி தம்பி, 8:31
வருஷம் தெரியலைன்னா படத்தையே பாருங்க. தமிழ்ப்பள்ளி வகுப்புப் படமா இருந்தா முன்வரிசையில பலகை இருக்கும், அதுல வருஷம் எழுதியிருக்கும். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கான்னு பாருங்க. லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) சுத்தி முள்வேலி தெரிஞ்சா, கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த 1948-60 அவசர காலமா இருக்கலாம். "இருக்கலாம்"னுதான் எழுதணும், கேள்விக்குறியோட.

சின்னம்மா, 8:33
காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயா கொட்டகை, ரப்பர் பால் தூக்குற காண்டா வாளி எல்லாம் தெரியிற படம் இருந்தா?

டீச்சர் அக்கா, 8:35
அதுதான் சின்னம்மா முதல்ல வேணும்! கல்யாணப் படம் எல்லா வீட்டுலயும் இருக்கு. வேலை நடக்கிற படம் ரொம்பக் கொறவு. பெரியவங்க கூட வந்தா பக்கத்து மேசையில பேச்சைப் பதிவு பண்ணுவோம். "இது யாரு"ன்னு ஆரம்பிச்சா ரெண்டு வார்த்தையில முடிஞ்சிரும். "பின்னால தெரியிற கட்டடம் எது"ன்னு கேட்டா ஞாபகமெல்லாம் ஒவ்வொன்னா வரும். பதிவு பண்ற ஃபோன்ல முதல்ல ஏரோப்பிளேன் மோட் போடுங்க, நடுவுல கால் வந்தா பேச்சு போயிரும்.

லைப்ரரி தம்பி, 8:38
சம்மதத் தாள் தமிழ்லயும் மலாய்லயும் இருக்கும். படம் உங்களோடதுதான், லைப்ரரி காட்சிக்கு வைக்கலாமா வேணாமான்னு டிக் பண்றீங்க, அவ்வளவுதான். ஐசி நம்பர் எழுத வேணாம். புதுசா உறுப்பினர் ஆகுறவங்க மட்டும் ஐசி கொண்டாங்க, பிள்ளைங்களுக்கு அவங்க அடையாள அட்டை, மைகிட்.

மாமா, 8:40
பசியாறல்?

டீச்சர் அக்கா, 8:41
இதுக்குத்தான் காத்திருந்தேன். மீகூனும் (அரிசி நூடுல்ஸ்) வடையும் கீழ அஞ்சடியில, கட்டடத்து முன்னால இருக்கிற நடைபாதையில. மேல கொண்டு வரக்கூடாது. சாப்பிட்டு, சோப்பு போட்டுக் கைகழுவி, துடைச்சிட்டு ஏறுங்க. எண்ணெய்க் கை பட்டா ரேகை படத்துல நிரந்தரம்.

ஸ்டூடியோ அண்ணன், 8:43
வர முடியாதவங்க வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அமுக்கிச் சின்னதாக்கிடும். டாக்குமெண்டா அனுப்புங்க. ஃபிளாஷ் வேணாம், ஜன்னல் ஓரம் வச்சு நேர் மேலருந்து எடுங்க.

அந்தோணி அண்ணன், 8:45
மேல் மாடி ஃபேன் வேகமா சுத்தும். விவரம் எழுதின சீட்டு பறந்து படம் மாறிப்போனா அவ்ளோதான்.

லைப்ரரி தம்பி, 8:46
சீட்டுலயும் படத்து உறையிலயும் ஒரே நம்பர் போடுறோம் அண்ணா. பேப்பர் வெயிட்தான் இல்ல.

அந்தோணி அண்ணன், 8:47
ஆத்தங்கரையில கூழாங்கல்லு பத்து பொறுக்கி, கழுவிக் கொண்டாந்துர்றேன்.