பெயருக்குத்தான் சிநேகபூர்வ ஆட்டம்: மனசை விட்டுப் போகாத ஒரு மோதலைச் சொல்லுங்க

டன்பார் மேட்டு ஆள்

ஜித்தா, 2018 ஒக்டோபர் 16. பிரேசில் – ஆர்ஜன்டீனா. மெஸி இல்லாத ஆர்ஜன்டீனா, ஸ்கலோனி அப்போது இடைக்காலப் பயிற்றுநர். தொண்ணூறு நிமிஷமும் பூச்சியத்துக்குப் பூச்சியம். சரி, சமநிலைதான் என்று டிவியை அணைக்கக் கை போற நேரத்தில், உபாதையீட்டு நேரத்தின் 3ஆம் நிமிஷம், நெய்மார் மூலை உதை, மிராண்டாவின் தலை, பிரேசில் 1–0.

குடையிறது அந்தக் கோல் இல்லை. மூலை உதைக்கு முந்தின பத்து செக்கன்தான். சிநேகபூர்வ ஆட்டத்தில் கடைசி அரை மணித்தியாலத்தில் நாலைந்து பேர் மாறுவாங்க. யார் யாரைப் பிடிக்கணும் என்ற பட்டியல் ஆட்டம் தொடங்கும்போது உடுப்பு மாற்றும் அறையில் ஒட்டினது. வெளியே போறவன் தன் ஆளை உள்ளே வாறவனிடம் ஒப்படைக்காமல் போனால், மூலை உதை வரும்போது உயரமான ஒருத்தனுக்குக் காவல் இருக்காது. உலகக் கிண்ணத்தில் இதைக் கோட்டோரத்தில் கடதாசியைக் காட்டிச் சொல்லி அனுப்புறாங்க. சிநேகபூர்வ ஆட்டத்தில் "பார்த்துக்கலாம்" என்று விட்டுடுறாங்க. 93ஆவது நிமிஷத்துக் கோல்களில் பாதிக்குக் காரணம் களைப்பு என்பது சும்மா கதை. காரணம் ஒப்படைப்பு.

கண்டி 3ஆம் நம்பர்

அண்ணே, மெஸி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பதில் 13 மாசம் கழித்து ரியாத்தில் கிடைச்சிருச்சே. 2019 நவம்பர் 15. மூன்று மாசத் தடை முடிந்து மெஸி திரும்பி வந்த ஆட்டம். முதலில் பிரேசிலுக்குப் பெனால்டி, கப்ரியேல் ஜெசுஸ் வெளியே அடித்தார். 13ஆவது நிமிஷம் இந்தப் பக்கம் பெனால்டி, அலெக்ஸ் சாண்ட்ரோ மெஸியை விழுத்தினதுக்கு. மெஸி அடித்தார், பிரேசில் காப்பாளர் அலிசன் தட்டினார், பந்து நேரே மெஸியின் காலுக்கே திரும்பி வந்தது. கோல். அதோடு ஆட்டம் 1–0.

அலிசன் தட்டின பந்து புல்லில் ஒரு தரம் குதிக்கிற அந்த இடம்தான் கண்ணுக்குள்ளேயே நிற்குது. இதில் நம்ம ஆட்கள் நிறையப் பேர் பிழையாக வாதாடுறாங்க, "அடிச்சவனே ரெண்டாம் தரம் அடிக்கலாமா" என்று. அடிக்கலாம். சட்டம் சொல்றது, வேறொரு ஆட்டக்காரர் தொடும்வரை உதைத்தவர் மறுபடி தொடக்கூடாது என்று. கோல் காப்பாளர் தொட்டுட்டார், அதனால் சரி. இதே பந்து கம்பத்தில் பட்டு நேரே மெஸியிடம் வந்து அவர் அடித்திருந்தால் கோல் இல்லை, எதிரணிக்கு மறைமுகச் சுயாதீன உதை. தோட்டத்து ஆட்டங்களில் நடுவர் விசில் ஊதித் தகராறு கிளம்புறது இந்த ஒரே இடத்தில்தான். கம்பமா, கையா என்று மட்டும் பாருங்க. வேறு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை.

பதுளைப் பக்கம்

இதெல்லாம் காசுக்காக சவூதியிலும் கட்டாரிலும் ஆடுற ஆட்டம். கணக்கில் வராது. இதுக்குப் போய் ராத்திரி பத்தரைக்கு முழிச்சிருக்கணுமா?

கண்டி 3ஆம் நம்பர்

கணக்கில் வராது என்று எப்படிச் சொல்றீங்க? 2018 ஓகஸ்ட்டிலிருந்து ஃபிஃபா தரவரிசை ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டிக் கழிக்கிற முறை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எடை இருக்கு. சர்வதேச நாட்காட்டிக்கு, அதாவது தேசிய அணிகளின் ஆட்டத்துக்கு ஃபிஃபா ஒதுக்கின நாட்களுக்கு, வெளியே ஆடுற சிநேகபூர்வ ஆட்டத்துக்கு 5, உள்ளே ஆடினால் 10, உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்கு 25, உலகக் கிண்ணக் காலிறுதியிலிருந்து 60.

ரெண்டு அணிக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்று வைங்க. வெற்றிக்கு 1, சமநிலைக்கு 0.5, தோல்விக்கு 0 என்ற கணக்கில் மேலே உள்ள அணியின் எதிர்பார்ப்பு 0.595, கீழே உள்ளதுக்கு 0.405. கிடைச்சதிலிருந்து எதிர்பார்ப்பைக் கழிச்சு எடையால் பெருக்கணும். நாட்காட்டிக்குள் நடக்கிற சிநேகபூர்வ ஆட்டத்தில் கீழே உள்ளது வென்றால் 10 தர 0.595, அதாவது 5.95 புள்ளி ஏறும், மற்றதுக்கு அதே அளவு இறங்கும். மேலே உள்ளது வென்றால் 4.05 மட்டும். சமநிலை என்றால் பெரிய அணிக்கு ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். கீழே உள்ளதின் அதே வெற்றி உலகக் கிண்ண அரையிறுதியில் என்றால் 35.7. சின்னதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உலகக் கிண்ணக் குழுக்களைப் பிரிக்கிற குலுக்கலில் பலமான அணிகளுக்கான முதல் கூடையா இரண்டாம் கூடையா என்பது இந்தச் சில்லறையில்தான் தீரும். பழைய முறையில் இது தலைகீழாகவும் வேலை செய்தது. 2018 உலகக் கிண்ணத்துக்கு முன்னால் போலந்து சிநேகபூர்வ ஆட்டங்களைத் தவிர்த்தே முதல் கூடைக்குப் போனது. அப்போது சராசரி எடுக்கிற முறை, எடை குறைந்த ஆட்டம் ஆடினால் வென்றாலும் சராசரி இறங்கும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் புது முறை.

பண்டாரவளைக் காத்து

மெல்பேர்ன், 2017 ஜூன் 9. மறுபடி பிரேசில் – ஆர்ஜன்டீனா. வெள்ளிக்கிழமை, நம்ம நேரத்துக்குக் கொழுந்து நிறுக்கிற வேளை. கிரிக்கெட் மைதானத்தில் உதைபந்தாட்டம், 95,569 பேர். மெர்காடோ அடித்த கோலில் ஆர்ஜன்டீனா 1–0.

ஆனால் மறக்க முடியாதது கோல் இல்லை. இரண்டாம் பாதியில் ஜெசுஸ் காப்பாளரைத் தாண்டிட்டார், முன்னால் வெறும் கோல். அடித்தார், கம்பம். திரும்பி வந்த பந்தை வில்லியன் அடித்தார், மற்றக் கம்பம். ஒரே மூச்சில் ரெண்டு கம்பமும். ஏழே கால் மீற்றருக்கு மேல் அகலமான வாசல், ரெண்டு ஓரத்திலும் கையகலத் தடிப்பு, அதில் மாறி மாறிப் பட்டது. பிரேசில் சத்தம் நின்றுபோனது தொலைக்காட்சியிலேயே கேட்டது.

ஜித்தாக் கதையில் மேட்டு ஆள் சொன்ன "ஒப்படைப்பு" இங்கே பொருந்தாது. மெர்காடோவின் கோல் முதல் பாதி முடியிற நேரத்தில் வந்தது. எல்லாத்துக்கும் ஒரே சாவி போடாதீங்க.

லிந்துலைக் கொடிக்காரர்

மாற்று ஆட்டக்காரர் பேச்சு வந்ததால் சொல்றேன். 2003 பெப்ரவரி 12, லண்டன் அப்டன் பார்க், இங்கிலாந்து – அவுஸ்திரேலியா. கிரிக்கெட்டில் அடிச்சுக்கிற ரெண்டு பேரும் பந்தை உதைக்க இறங்கினாங்க. இடைவேளையில் இங்கிலாந்துப் பயிற்றுநர் எரிக்சன் பதினொரு பேரையும் மாற்றினார். முழுசாக இன்னொரு அணி வெளியே வந்தது, அதில் 17 வயசு ரூனிக்கு முதல் ஆட்டம். அவுஸ்திரேலியா 3–1. ரெண்டாவது பாதிக்கு வெள்ளை ஜேர்சி பதினொன்றும் புதுசாக, ஒரு சொட்டுச் சேறு இல்லாமல் வரிசையாக வந்த அந்தக் காட்சிதான் சட்டத்தையே மாற்றியது. அடுத்த வருஷமே தேசிய அணிகளுக்கு ஆறு பேர் என்று வரம்பு வந்தது.

இப்போது நம்ம பக்கத்துக்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரெண்டு டிவிசன் பிரேசில், ஆர்ஜன்டீனா ஜேர்சி போட்டு ஆடுறாங்களே, அவங்களுக்குத்தான் இது. யாரும் கேட்கவில்லை, தெரியும்.

ஆட்டம் தொடங்க முன்னமே எத்தனை பேர் மாறலாம் என்று ரெண்டு தலைவரும் பேசி நடுவரிடம் சொல்லணும். இடைவேளையில் பேசினால் சண்டை.

மைதானம்: நீளம் 90 மீற்றருக்குக் குறையக்கூடாது, அகலம் 45க்குக் குறையக்கூடாது. மூலையைக் கண் மட்டத்தில் போடாதீங்க. கயிற்றில் 6, 8, 10 மீற்றரில் முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் சரியான செங்கோணம் வரும். 100க்கு 64 போட்டால் குறுக்களவு 118.7 மீற்றர் வரணும், ரெண்டு குறுக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் மைதானம் சாய்ந்த இணைகரம்தான். பெனால்டிப் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீற்றர், நடுவட்டத்தின் ஆரை 9.15. மைதானம் சின்னது என்று இந்த ரெண்டையும் குறைக்காதீங்க.

கோல் 7.32க்கு 2.44. இதில்தான் நம்ம ஊர்ப் பிழை. சரிவில் ரெண்டு கம்பத்தையும் ஒரே நீளத்துக்கு வெட்டி நட்டால் மேல்கம்பு சரிவோடு சாயும். நீர்மட்டக் குழாய் வைத்து மேல்கம்பைச் சமமாகப் போட்டால், பள்ளப் பக்கம் 2.44ஐத் தாண்டும், அந்த மூலையில் காப்பாளர் எட்ட மாட்டார். ஆகவே முதலில் கோல் கோட்டடியில் மண்ணை வெட்டிச் சமப்படுத்துங்க, அதுக்குப் பிறகு கம்பம். வெட்டின மண்ணைக் காப்பாளர் நிற்கிற இடத்தில் போட்டு மிதிச்சு இறுக்குங்க, அங்கேதான் மழை பெய்தால் குளம் கட்டும்.

கோடு: சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். ஈரத்தில் அது வேகும், விழுந்து எழும்புறவன் கண்ணும் முட்டியும் புண்ணாகும். தேயிலைக்குப் போடுற டொலமைட் போதும். அகலம் 12 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. காலையில் போட்டால் பத்து மணி மழையில் கரைஞ்சிடும், ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் போடுங்க. மேட்டுப் பக்கம் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி ஒரு சின்னக் கான் வெட்டிவிட்டால் மலைத் தண்ணி மைதானத்துக்குள் இறங்காது.

நாள்: ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் தென்மேற்குப் பருவம், மே தொடக்கம் செப்டெம்பர் வரை வைக்காதீங்க. ஜனவரி தொடக்கம் மார்ச் நல்லது. பதுளை, பண்டாரவளைக்கு அது தலைகீழ், அவங்களுக்கு ஜூன் தொடக்கம் ஓகஸ்ட், காற்று மட்டும் பலமாக இருக்கும்.

பந்து மூன்று வைங்க. ஒன்று பள்ளத்துத் தேயிலைக்குள் போனால் தேடி எடுக்கப் பத்து நிமிஷம்.

நுவரெலியாக் குளிர்

கொடிக்காரரே, எல்லாம் சொன்னீங்க, பந்தின் காற்றை விட்டுட்டீங்களே. சட்டப்படி 8.5 தொடக்கம் 15.6 பிஎஸ்ஐ. கொழும்பில் 11.6 அடிச்சு 30 பாகை வெயிலில் மூடினால், 1,868 மீற்றர் உயரத்தில், 15 பாகைக் குளிரில் அளந்தால் ஏறக்குறைய 13 காட்டும். குளிர் உள்காற்றைக் கொஞ்சம் இறக்குது, ஆனால் வெளிக் காற்று அதைவிட நிறைய இறங்கிடுது. பந்து கல்லு மாதிரி ஆகிறது அதனால்தான், பந்தில் குறை இல்லை. மேலே கொண்டுவந்த பிறகு அடிங்க. ஊசியை நனைச்சுச் சொருகுங்க, காய்ந்த ஊசி வால்வு ரப்பரைக் கிழிச்சிடும்.

இன்னொன்று, ஜேர்சி. மூடுபனி இறங்கினால் ஆர்ஜன்டீனாவின் வெளிர்நீலமும் வெள்ளையும் பதினைந்து மீற்றரில் கரைஞ்சு போகும், பிரேசில் மஞ்சள் நாற்பதில் தெரியும். பனிக்காலத்தில் இதைப் பார்த்து ஜேர்சி முடிவு பண்ணுங்க. நடுவட்டத்தில் நின்று ரெண்டு கோலும் தெரியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்துறதுதான் முறை.

பதுளைப் பக்கம்

காற்று, சுண்ணாம்பு எல்லாம் சரி. தலைப்பு மோதலைச் சொல்லுங்க என்றுதானே?

டப்ளின், 1995 பெப்ரவரி 15. அயர்லாந்து – இங்கிலாந்து. 22ஆவது நிமிஷம் டேவிட் கெலி அயர்லாந்துக்கு அடித்தார், 27ஆவது நிமிஷம் ஆட்டமே நின்றது. இங்கிலாந்து ரசிகர்களை மேல்தட்டில் வைத்தாங்க, கீழே அயர்லாந்துக்காரர். மேலிருந்து கதிரை துண்டு துண்டாக வந்து விழுந்தது. எறியக்கூடிய கூட்டத்தை மேலே வைக்கக்கூடாது என்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். கீழே இருந்த சின்னப் பிள்ளைகளோடு குடும்பங்கள் புல்லுக்கு ஓடி வந்து நின்றதுதான் கண்ணில் நிற்குது. ஆட்டக்காரர் உள்ளே போன பிறகும் அவங்க அங்கேயே நின்றாங்க.

கண்டி 3ஆம் நம்பர்

இதைச் சொன்னால் பாரிஸையும் சொல்லணும். 2001 ஒக்டோபர் 6, பிரான்ஸ் – அல்ஜீரியா. 1962 விடுதலைக்குப் பிறகு ரெண்டு நாட்டுக்கும் முதல் ஆட்டம். பிரான்ஸ் 4–1 முன்னிலை, 76ஆவது நிமிஷம் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கினது, அவ்வளவுதான், மிச்சம் ஆடவில்லை. அங்கே பிரச்சினை மேல்தட்டா கீழ்தட்டா என்பது இல்லை. ஆகவே இருக்கையைப் பிரிச்சு வைச்சால் போதும் என்று நினைக்காதீங்க பதுளை.

பதுளைப் பக்கம்

போதும் என்று யார் சொன்னது? மேலே வைக்காதீங்க என்றுதான் சொன்னேன்.

டன்பார் மேட்டு ஆள்

பண்டாரவளைக்கு: மெல்பேர்னுக்கு ஒப்படைப்பு என்று நான் எங்கே சொன்னேன்? 93ஆவது நிமிஷத்தைப் பற்றித்தான் பேசினேன்.

இத்தனை பேர் எழுதியும் நியூ ஜெர்சியை ஒருத்தரும் தொடவில்லை. 2012 ஜூன் 9. ஆர்ஜன்டீனா 4, பிரேசில் 3. பெரும்பாலும் ஒலிம்பிக்குக்குத் தயாராகிற பிரேசில் அணி, ஆனாலும் ஹல்க் 72இல் அடிச்சு முன்னிலை, 75இல் பெர்னாண்டஸ் சமப்படுத்தினார். 85ஆவது நிமிஷம் மெஸி வலது பக்கமிருந்து உள்ளே வெட்டி வாறார், பெட்டிக்கு இன்னும் நாலு எட்டு இருக்கு. இடது கால். பந்து காப்பாளரின் கைக்கு வெளியே வளைஞ்சு தூர மூலைக்கு மேலே போய் விழுது. அவருக்கு அது மூன்றாவது கோல்.