மறு: கார்பதைட் இனத்துக்குப் பொதுப்பெயர், அவசரம்

சேலம், நிலவியல் ஆசிரியை:
அன்புள்ள குழுவினருக்கு, கனிமவியல் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இடிக்கிறது. கார்பதைட் என்றொரு மஞ்சள் படிகம், கார்பேத்திய மலைப்பகுதியில் கண்டெடுத்து 1955இல் பெயரிட்டது. கலிபோர்னியாவில் ஒரு பாதரசச் சுரங்கத்திலும் கிடைத்திருக்கிறது. முழுக்கக் கொரோனீன் என்ற சேர்மம்தான்: ஒரு மூலக்கூறில் 24 கார்பன், 12 ஹைட்ரஜன் அணுக்கள், வேறெதுவும் இல்லை. புறஊதாக் கதிரில் நீலமாக ஒளிரும். 'கரிமக் கனிமம்' என்று எழுதினேன். "கரிம வேதியியலும் கனிம வேதியியலும் எதிரெதிர்னு சொன்னீங்களே மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி: mineral என்பதற்குக் 'கனிமம்' என்கிறோம், inorganic என்பதற்கும் 'கனிம' என்கிறோம்.

ஆத்தூர், தமிழாசிரியர் (ஓய்வு):
அம்மா, சிக்கலே 'கனிமம்'தான். சுரங்கத்தைக் குறிக்கும் வடசொல் 'கனி'யிலிருந்து வந்தது அது. சூரமங்கலத்து மேக்னசைட்டை நம் மக்கள் வெள்ளைக்கல் என்கிறார்களே, அந்த வழியில் 'கரிநீரகக் கல்' என்போம்; கரி கார்பன், நீரகம் ஹைட்ரஜன். கரு, கார், கரி எல்லாம் ஒரே வேர். யானைக்குக் கரி என்று பெயர் வந்ததும் கருமையால்தான். கையுடையது என்ற பொருளில் 'கரின்' என்று வடமொழியார் சொல்வதை நான் ஏற்பதில்லை.

அம்மாப்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, யானைக்குத் தனி இழை தொடங்குவோம், நானும் வருகிறேன். 2017இல் நெடுவாசல் போராட்டத்துக்குப் பிறகு 'ஹைட்ரோகார்பன்' உழவர் வாயிலும் புழங்கும் சொல். 'ஹைட்ரோகார்பன் கனிமம்' என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். நீரகம் என்றால் பிள்ளைகள் தண்ணீரைத்தான் நினைப்பார்கள்.

சேலம், நிலவியல் ஆசிரியை:
'கல்' வகுப்பில் நிற்காது ஐயா. சேர்வராயன் மலையின் சார்னோகைட்டும் கல்தான், ஆனால் அது பல கனிமங்கள் சேர்ந்த பாறை. 'கரி' மட்டும் போட்டாலும் போதாது. வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட், அதிலும் கார்பன் உண்டு, கரிமச் சேர்மம் அல்ல. ஆகவே 'ஹைட்ரோகார்பன் கனிமம்' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். இட்ரியலைட், எவன்கைட் போன்ற கனிமங்கள் எல்லாம் அதில் அடங்கும். சிறுநீரகக் கல்லில் உள்ள கால்சியம் ஆக்சலேட் பூமியிலும் கனிமமாகக் கிடைக்கிறது, அது ஹைட்ரோகார்பன் இல்லாததால் அடங்காது. ஹைட்ரோகார்பனையும் ஆக்சலேட்டையும் சேர்த்துச் சொல்ல 'கரிமக் கனிமம்' தவிர வேறு சொல் என்னிடம் இல்லை.

ஓமலூர், வேதியியல் மாணவர்:
ஹைட்ரோகார்பனுக்கு என் வாக்கும். ஈழத்து நூல்களில் ஐதரோகாபன் என்றிருக்கிறது, அதையும் குறியுங்கள்.

ஆத்தூர், தமிழாசிரியர் (ஓய்வு):
பெரும்பான்மை அதுவென்றால் அச்சிடுங்கள். நான் உடன்படவில்லை. சொல்லடைவிலாவது 'கரிநீரகக் கல்' இடம்பெற வேண்டும். வேதியியலில் 'கனிம' என்பதை மாற்றாதவரை அந்த மாணவியின் கேள்விக்கு நாம் விடை சொல்லவில்லை. அதற்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.