அப்பத்தாவைச் சென்னைக்கு அழைத்துச் செல்லப் பல்லவன் ரயிலா, இரவு வண்டியா?

கேள்வி (பள்ளத்தூர்):
எங்கள் அப்பத்தாவுக்கு வயது 78. முழங்கால் வலிக்காகச் சென்னையில் மருத்துவரிடம் காட்ட அடுத்த மாதம் அழைத்துச் செல்லவிருக்கிறேன். திண்ணையில் அரை மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாலே கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. விடியற்காலைப் பல்லவனில் செல்வதா, இராமேசுவரத்திலிருந்து வரும் இரவு வண்டியில் செல்வதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (காரைக்குடி):
பல்லவனையே சொல்வேன். நம் காரைக்குடியிலேயே புறப்படும் வண்டி என்பதால், முதியவர்களைப் பதற்றமில்லாமல் ஏற்றி உட்கார வைக்கலாம். 2013 வரை அது திருச்சியோடு நின்றுவிடும். எங்கள் ஆத்தாவைப் பேருந்தில் திருச்சி வரை கொண்டுபோய், அங்கே படியேற்றி இறக்கி வண்டி பிடித்த சிரமம் இன்னும் மனத்தில் இருக்கிறது. குளிர்சாதன இருக்கைப் பெட்டியும் உண்டு, தாம்பரத்திலும் நிற்கும்.

மறுமொழி (தேவகோட்டை):
வீங்கும் காலோடு ஏறத்தாழ ஏழு மணி நேரம் உட்கார வைப்பது சரியல்ல, தம்பி. போகும்போது இரவு வண்டியில் கீழ்ப் படுக்கை எடுங்கள். சேது விரைவு வண்டி விருத்தாசலம் வழியாகச் செல்கிறது. போட் மெயில் என்னும் இராமேசுவரம் விரைவு வண்டி தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகச் சுற்றிச் செல்கிறது. இரண்டும் காலையில் சென்னையை அடையும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மூத்தோருக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு, அவர்கள் தனியாகவோ இன்னொரு மூத்தவரோடோ ஒரே பயணச் சீட்டில் செல்லும்போதுதான் பொருந்தும், உங்கள் பெயரையும் சேர்த்தால் கிடைக்காது. ஆகவே அவர் சீட்டைத் தனியாகவும், உங்கள் சீட்டைத் தனியாகவும் எடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். கட்டணச் சலுகை 2020 முதல் இல்லை. திரும்பும்போது இரவு வண்டிகள் காரைக்குடிக்கு நள்ளிரவுக்குப் பின் வருவதால், அப்போது பல்லவனே மேல். அதுவும் இரவு பத்து மணிக்கு மேல்தான் வந்து சேரும். ஆட்டோவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அண்ணே. ஒதுக்கீட்டு விவரம் எனக்குத் தெரியாது. இருவர் பெயரையும் ஒரே சீட்டில் போட இருந்தேன். அப்பத்தாவிடம் சொன்னேன். தம் ஐயா இலங்கைக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனபோது தனுஷ்கோடி வரை ஏறிச் சென்ற வண்டி என்பதால், போட் மெயில்தான் வேண்டும் என்கிறார். சுற்று வழியானாலும் படுத்துக்கொண்டே போகலாம் என்பதால், அதிலேயே எடுக்கிறேன். பல்லவனில் திரும்பும்போது காலை நீட்ட வசதியாக எந்த வரிசையில் இருக்கை கேட்கலாம் என்று காரைக்குடி நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (காரைக்குடி):
நடைபாதை ஓர இருக்கையைக் கேளுங்கள். மணிக்கு ஒரு முறையாவது எழுப்பி நாலடி நடக்க வையுங்கள். காலடியில் வைக்க உயரமான பை ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள்.