72 செவர்லே சி10: இண்டிகேட்டர் சிமிட்டுகிறது, அதே பக்கம் பிரேக் லைட் எரியவில்லை

கேள்வி:
வணக்கம். ஹூஸ்டனில் 1972 செவர்லே சி10 பிக்கப் ஓட்டுகிறேன். இடது இண்டிகேட்டர் போட்டால் முன்னாலும் பின்னாலும் ஒழுங்காகச் சிமிட்டுகிறது, ஆனால் பிரேக் மிதித்தால் பின்னால் வலது பக்கம் மட்டும்தான் எரிகிறது. 1157 பல்பு (இரண்டு இழை உள்ளது) புதிதாகப் போட்டாயிற்று, எர்த்தைச் சுரண்டித் துடைத்தாயிற்று. அப்புறம், வளைவு முடிந்து ஸ்டியரிங் நேரான பிறகும் லீவர் தானாகத் திரும்புவதில்லை, நான்தான் தட்டிவிடுகிறேன். ஒரு கடையில் வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டி என்பதால் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்க?

பதில் 1:
வயரிங்கை இப்போது தொடாதீர்கள் தம்பி. இந்த வண்டியில் பின்னால் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இழைதான். அதனால் பிரேக் கரண்ட் பெடலிலிருந்து நேராக விளக்குக்குப் போகாது, வெள்ளை வயரில் ஸ்டியரிங் தண்டு வழியே மேலே ஏறி இண்டிகேட்டர் சுவிட்சுக்குள் நுழையும், லீவர் நடுவில் இருந்தால் அங்கே இரண்டாகப் பிரிந்து மஞ்சள் வயரில் இடது பின் விளக்குக்கும் கரும்பச்சையில் வலதுக்கும் வரும். இடது இண்டிகேட்டர் போட்டதும் மஞ்சள் வயர் பிரேக் வயரை விட்டுவிட்டு, விளக்கைச் சிமிட்ட வைக்கிற பிளாஷரிலிருந்து வரும் ஊதா வயரோடு சேரும். இடது பக்கம் சிமிட்டுகிறது என்றால் பல்பு, ஹோல்டர், மஞ்சள் வயர், எர்த் எல்லாமே நன்றாக இருக்கின்றன. மிச்சம் சுவிட்சுக்குள் வெள்ளையையும் மஞ்சளையும் சேர்க்கிற பித்தளைத் தகடுதான்.

பார்த்துவிடலாம். தண்டுக்குக் கீழே இருக்கிற பிளக்கைக் கழற்றாமல் பின்பக்கமாக வோல்ட் மீட்டர் முனையை விடுங்கள். லீவர் நடுவில் இருக்கட்டும், ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும், சாவி போடத் தேவையில்லை. வெள்ளையில் 12 வோல்ட் இருந்து மஞ்சளில் இல்லாவிட்டால், ஒரு துண்டு வயரால் இரண்டையும் இணையுங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச்தான்.

பதில் 2:
அதற்கு முன்னால் ஹசார்ட் குமிழ் (நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகச் சிமிட்ட வைப்பது) முழுசாக அணைந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது பாதியில் நின்றாலும் பிரேக் லைட் போய்விடும், எனக்கு அப்படி ஒரு நாள் முழுக்க வீணானது.

பதில் 3:
கோவையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பார்க்கிற வண்டிகளில் பிரேக்குக்குச் சிவப்பு, இண்டிகேட்டருக்கு மஞ்சள் என்று தனித்தனி பல்பு, அதனால் இண்டிகேட்டர் சுவிட்ச் கெட்டால் பிரேக் லைட் போகும் என்று எனக்குத் தோன்றியே இருக்காது. உள்ளே ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் சரியாகாதா?

பதில் 1:
கறுத்த தகடு துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். லீவரும் திரும்பவில்லை என்பதால் அதைத் திருப்பிவிடுகிற பிளாஸ்டிக் நாக்கும் தேய்ந்தோ உடைந்தோ இருக்க வேண்டும், அதற்கு ஸ்ப்ரே உதவாது. சுவிட்சையே மாற்றுவதுதான் நல்லது.

கேட்டவர்:
குமிழ் அணைந்த நிலையில்தான் இருக்கிறது. வெள்ளையில் 12.4, மஞ்சளில் 0. வயர் வைத்து இணைத்ததும் இடது விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஸ்டியரிங்கைக் கழற்றச் சுத்தியலால் தட்டலாமா?

பதில் 1:
தட்டவே கூடாது, பேரிங் கெடும். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்டியரிங்குக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டுப் புல்லர் (ஸ்டியரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டுங்கள், நட்டை முழுசாக எடுக்காமல் சில மரை விட்டு வைத்தால் ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்காது. 73 அல்லது அதற்குப் பிந்திய வண்டி என்றால் ஸ்டியரிங்கைப் பூட்டுகிற லாக் பிளேட்டை அமுக்க இன்னொரு கருவியும் வேண்டும், உங்களுக்குச் சாவி டேஷ்போர்டில் இருப்பதால் அந்த வேலை இல்லை. பிளக்கைப் படம் எடுத்துக்கொண்டு முனைகளைக் கழற்றுங்கள். பழைய வயர்க் கொத்தின் நுனியில் ஒரு நூலைக் கட்டி மேலே இழுங்கள், அதே நூல் புதியதைக் கீழே இழுத்துத் தரும்.

கேட்டவர்:
முடிந்தது அண்ணா. சனிக்கிழமை மதியம் முழுக்க ஆனது, அதில் பாதி நேரம் தண்டுக்குள் வயர் சிக்கிக்கொண்டதால். பழைய சுவிட்சில் இடது பக்க நாக்கு பாதி இல்லை, உடைந்த துண்டு கிரீஸில் ஒட்டிக்கொண்டு கீழே கிடந்தது. மஞ்சள் வயரின் தகடு கரிபிடித்து நடுவில் குழி விழுந்திருக்கிறது, வலது பக்கத் தகடு இன்னும் மினுங்குகிறது. பையனைப் பின்னால் நிறுத்திப் பிரேக்கை மிதித்தேன், "ரெண்டும் எரியுதுப்பா" என்றான். ஹசார்டும் பார்த்தாயிற்று, நாலும் சிமிட்டுகின்றன. லீவரும் தானாகத் திரும்புகிறது, இரண்டு பக்கமும்.