அமெரிக்க எல்லையில் அசைலம் (அடைக்கலம்): ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இப்படியொரு அழைப்பு வராமல் இருக்காது. "அண்ணா, மெக்சிகோ வழியாக அனுப்பிவிடுகிறேன் என்கிறான் ஏஜென்சிக்காரன். எல்லைக்குள் காலை வைத்துவிட்டால் கோர்ட்டில் கேஸ் போட்டுத் தங்கலாமாம்." பதில் சொல்லும் முன், 2020 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வழக்கைப் போட்டவரே ஓர் இலங்கைத் தமிழர், விவசாயி.

2017 இல் அவர் எல்லையைக் கடந்து கலிபோர்னியாவுக்குள் வந்தார். எல்லைக்கோட்டிலிருந்து 25 யார், அதாவது சுமார் 23 மீட்டர் தாண்டுவதற்குள் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். 1996 இல் வந்த சட்டப்படி, இப்படிப் பிடிபடுபவரை வழக்கமான விசாரணை இல்லாமலே விரைவாகத் திருப்பி அனுப்பலாம். திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது என்று சொன்னால், அசைலம் அதிகாரி ஒருவர் நேர்காணல் செய்வார். எல்லோரும் 'கிரெடிபிள் ஃபியர்' என்று சொல்வது இந்த நேர்காணலைத்தான்.

முன்பின் தெரியாத ஆட்கள் தன்னைக் கடத்திக் கொண்டுபோய்க் கடுமையாக அடித்ததை அவர் அதில் சொன்னார். அதிகாரி அதை நம்பினார். நம்பியும் நிராகரித்தார். யார் அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அடி வாங்கியது மட்டும் அசைலத்துக்குப் போதாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, இந்த ஐந்தில் ஒன்றுக்காக அடித்தார்கள் என்று காட்ட வேண்டும். மேலதிகாரியும் அதையே சொன்னார், குடிவரவு நீதிபதியும் அதையே சொன்னார். தமிழர் என்பதாலும் தன் அரசியல் கருத்தாலும் பயப்படுகிறேன் என்ற விஷயம் பிறகு ஃபெடரல் நீதிமன்றத்தில் போட்ட ஹேபியஸ் கார்பஸ் மனுவில்தான் முதன்முதலாக வந்தது.

2019 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது சர்க்யூட் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 7-2 என்று அதைப் புரட்டிப் போட்டது. ஹேபியஸ் கார்பஸ் என்பது காவலிலிருந்து விடுவிக்கக் கேட்பதற்கு, அசைலத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்பதற்கு அல்ல என்று நீதிபதி அலிட்டோ எழுதினார். உள்ளே வந்திருந்தாலும் அந்த விவசாயி சட்டத்தின் கண்ணில் இன்னும் வாசலில் நிற்பவர்தான். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கொடுத்த நடைமுறைக்கு மேல் எதுவும் கேட்க முடியாது. நீதிபதிகள் சோட்டோமயரும் கேகனும் கடுமையாக மறுத்து எழுதினார்கள். வாசித்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது, ஆனால் சட்டமாக நிற்பது அலிட்டோ எழுதியது.

ஆகவே அந்த முதல் நேர்காணல்தான் கேஸ். அதில் விட்டதைப் பெரிய கோர்ட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு எடுபடாது. நேர்காணலுக்கு முன் சட்டத்தரணியிடமோ வேறு ஒருவரிடமோ பேச உரிமை உண்டு, அரசு செலவில் அல்ல. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று தயங்காமல் கேட்க வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தில் சமாளிக்கவே கூடாது. மறுத்தால் குடிவரவு நீதிபதி பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேட்க வேண்டும். அந்த மறுபரிசீலனை ஏழு நாளுக்குள் முடிந்துவிடும்.

அப்புறம், நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. "சிலர் வந்து அடித்தார்கள்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். சீருடை இருந்ததா, என்ன மொழி பேசினார்கள், எதைப் பற்றி விசாரித்தார்கள், என்ன சொல்லித் திட்டினார்கள், அதற்கு முன் எந்தக் கட்சிக்கு வேலை செய்தோம், இதெல்லாம் வாயிலிருந்து வர வேண்டும். நடந்ததை மட்டும்தான் சொல்லச் சொல்கிறேன். ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுக்கும் கதை அடுத்த விசாரணையில் முரண்பட்டு, உண்மையான பகுதியையும் சேர்த்துக் கெடுத்துவிடும். சித்திரவதை செய்தது அரசின் ஆட்கள் என்றாலோ, அரசு அதைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டது என்றாலோ அதையும் சொல்ல வேண்டும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கீழ் பாதுகாப்புக் கேட்க அந்த ஐந்து காரணங்கள் தேவையில்லை.

இதுவும் 2025க்கு முந்தைய நிலைமை. 2025 ஜனவரி 20 அன்று வந்த ஜனாதிபதிப் பிரகடனம் தெற்கு எல்லையில் அசைலம் கேட்கும் வழியையே அடைக்கப் பார்த்தது, அதை எதிர்த்தும் வழக்குப் போட்டார்கள். கடன் வாங்கிப் புறப்பட நிற்கும் தம்பியிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கேள்வி: நான் விசாவில் வந்தவன். இது எனக்கும் பொருந்துமா?

அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. உங்களுக்கு முக்கியம் ஒரு வருடக் கெடு. வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், விதிவிலக்குகள் கொஞ்சம்தான். விசா இன்னும் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இங்கிருந்து தரைவழியாகக் கனடா போய் அங்கே கேட்கலாமா?

பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் வந்த நாட்டிலேயே அடைக்கலம் கேட்க வேண்டும் என்று அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட, 2004 முதல் நடைமுறையிலுள்ள ஒப்பந்தம் 2023 மார்ச் 25 முதல் எல்லை முழுவதற்கும் பொருந்துகிறது. நுழைந்து 14 நாளுக்குள் கோரினாலும் அதே கதைதான். அதே ஆண்டு ஜூனில் கனடா உச்ச நீதிமன்றமும் அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் செல்லும் என்றது, சமத்துவ உரிமை பற்றிய கேள்வியை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. 14 நாள் ஒளிந்திருக்கலாம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த ஓட்டையையும் அடைக்க 2025 இல் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். கனடாவில் தகுந்த அந்தஸ்துடன் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், மாமா, சித்தி போன்றவர்கள் இருந்தால் விதிவிலக்கு உண்டு. உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ்களை எல்லைக்குப் போகும் முன்பே ஊரிலிருந்து எடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.